தீக்காயமே இல்லை, ஆனாலும் உயிர் போனது ஏன்?

தீபாவளி ஆர்டரை முடிக்கும் அவசரம் சிவகாசி, சாத்தூர் பக்கப் பட்டாசு ஆலைகளில் தொடங்கிவிட்டது. ஆலை வெடிவிபத்து பற்றிய வாசகர் கடிதங்களில் ஒரே குழப்பம்: மேலுக்கு ஒன்றுமில்லையே, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எப்படி இறந்தார்?

வெடிவிபத்து என்றதும் தீக்காய வார்டுதான் நினைவுக்கு வருகிறது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் சுமார் 40 பேர் மாண்டனர். அவர்களில் பலர் முதல் வெடிப்புக்குப் பின் உதவவும் வேடிக்கை பார்க்கவும் ஓடிவந்தவர்கள். ஆனால் தீ தொடாமலேயே வெடிப்பின் அழுத்த அலை நெஞ்சை நசுக்கும். ஆளைத் தூக்கிச் சுவரில் அறையும். தோல் கிழியாமலே நுரையீரல் கிழியலாம்.

அந்தக் கிழிசல் சிலருக்கு சைக்கிள் வால்டியூப் மாதிரி ஆகிவிடும். காற்று ஒருவழியாக மட்டுமே போகும். மூச்சு இழுக்க இழுக்க, நுரையீரலுக்கும் விலாச்சுவருக்கும் நடுவே காற்று சேர்ந்துகொண்டே இருக்கும். அந்தப் பக்க நுரையீரல் சுருங்கும். அதோடு நின்றால் பிழைத்துக்கொள்ளலாம். நிற்காது. சேர்ந்த காற்று இதயத்தை மறுபக்கம் தள்ளி, அதற்கு ரத்தம் கொண்டுவரும் பெருஞ்சிரைகளை அமுக்குகிறது. வராத ரத்தத்தை இதயம் எப்படி இறைக்கும்? ரத்த அழுத்தம் சரிகிறது. கொடுமை என்னவென்றால், மூச்சு வரட்டும் என்று முகமூடி வைத்துப் பையை அமுக்கினால், காற்று இன்னும் வேகமாக உள்ளே ஏறும்.

இதற்கு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருக்க நேரமில்லை. மூச்சு வாங்குகிறது, ஒரு பக்கம் காற்றுச் சத்தம் இல்லை, அழுத்தம் விழுகிறது என்றால் ஊசியைக் குத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும், பிறகு நெஞ்சில் குழாய் வைக்க வேண்டும். பெரியவர்களுக்கு ஊசி போடும் இடத்தைக்கூட உலக அளவிலான விபத்துச் சிகிச்சைப் பயிற்சி நெறி 2018இல் மாற்றிவிட்டது. முன்பு காறை எலும்புக்குக் கீழே. இப்போது அக்குளுக்குக் கீழே, பக்கவாட்டில். அங்கே நெஞ்சுச் சுவர் பொதுவாக மெலிந்தது.

'பொன்னான ஒரு மணி நேரம்' என்று மேடைதோறும் சொல்கிறார்கள். இந்தக் காயத்துக்கு அது பொன்னல்ல, தாராளம். சில நிமிடங்களே கதையை முடித்துவிடும். விருதுநகரில் 2022 ஜனவரியில் மருத்துவக் கல்லூரி வந்ததால் மதுரை பெரியாஸ்பத்திரிக்கு ஓடும் தூரம் மிச்சம்தான். ஆனால் 108 ஆம்புலன்ஸ் எத்தனை நிமிடத்தில் வந்தது என்ற கணக்கைவிட, முதலில் பார்க்கிறவர் கையில் ஊசியும் குத்தத் துணிவும் இருந்ததா என்பதே எனக்குப் பெரிய கேள்வி.

மற்ற கேள்விகள்:

விலா எலும்பு முறிந்தால் துணியால் இறுக்கிக் கட்டலாமா? கூடாது, மூச்சு தடைபடும்.

நெஞ்சில் குத்தி நிற்கும் கம்பியை உருவலாமா? தொடவே வேண்டாம்.

'நம்மைக் காக்கும் 48' திட்டம் ஆலை விபத்துக்கு உண்டா? அது சாலை விபத்துக்கானது.