வாயில்லாச் சீவனின் பல்நோவு

நாயையும் பூனையையும் வாயில்லாச் சீவன்கள் என்பது நம்மவர் வழக்கு. ஆயின் வளர்ந்த நாயின் வாயில் 42 பற்கள் உள்ளன, பூனைக்கு 30, மனிதனுக்கோ 32 தான். அவற்றுக்கு இல்லாதது வாயன்று, நோவை எடுத்துரைக்கும் மொழியே.

பல்லின் புறத்தே மிளிரியும், அதனுள்ளே பன்முதலும், நடுவே நரம்பும் குருதிக் குழாய்களும் செறிந்த மச்சையும் அமைந்துள்ளன. கல்லையும் எலும்பையும் கூட்டின் இரும்புக் கம்பியையும் கடிக்கும் நாய், வேட்டைப்பல்லையோ மேல்வாயின் பெரிய முன்கடைவாய்ப் பல்லையோ முறித்துக்கொள்கின்றது. பூனையின் வேட்டைப்பல்லில் மச்சை நுனிக்கு மிக அண்மைவரை செல்வதால், முனை சிறிது முறிந்தாலும் அது வெளிப்பட்டுவிடும்.

வெளிப்பட்ட மச்சை முதலிற் செந்நிறமாய்த் தோன்றும். தொட்டாற் கடுமையாய் நோகும். பின்னர்க் கிருமிகள் புகுந்து மச்சை இறக்கும், பல் கருக்கும், கூரிய நோவும் தணியும். குணமாயிற்று என்று வீட்டார் மகிழ்வது இந்த வேளையிலேதான்! கிருமிகளோ வேர்நுனி வழியே தாடையெலும்பை அடைந்து சீழ் கட்டச் செய்கின்றன. மேல்வாய்ப் பல்லாயின் கண்ணுக்குக் கீழே வீக்கம் எழும். கண்ணிலே ஏதோ புண் என்று மருந்திடுவாரும் உளர். விலங்கோ உண்பதை நிறுத்துவதில்லை. ஒரு பக்கத்தால் மட்டும் மென்று, முகத்தைத் தொட விடாது ஒதுங்கும், அவ்வளவே.

இத்தகைய பல்லைப் பிடுங்கலாம். சிறு பல்லாயின் அதுவே போதும். ஆனால் நாயின் வேட்டைப்பல்லில் வெளியே தெரிவதிலும் தாடையுள் மறைந்த வேரே நீளமானது. கீழ்த்தாடையில் அதனைப் பிடுங்கினால் எலும்பு நலியும். அங்கேதான் வேர்க்குழாய்ச் சிகிச்சை உதவுகின்றது.

விலங்கு வாயைத் திறந்துகொண்டு அசையாதிருக்குமா? ஆகவே முழு மயக்கம் கொடுத்தே இதனைச் செய்தல் வேண்டும். எக்ஸ்-கதிர்ப் படம் பிடித்தபின், மருத்துவர் மெல்லிய அரங்களால் இறந்த மச்சையை அகற்றுவார். மனிதருக்குரிய அரங்கள் பெரும்பாலும் 21 முதல் 31 மில்லிமீற்றர் நீளமானவை; பெரிய நாய்க்கு 60 மில்லிமீற்றர் அரமும் தேவைப்படும். அடுத்து, சோடியம் ஐப்போகுளோரைற்றுக் கரைசலாற் குழாயைக் கழுவி உலர்த்தி, குட்டாபேர்ச்சா என்னும் பொருளால் இடைவெளியின்றி நிரப்பி, மேலே அடைப்பிடுவார். குட்டாபேர்ச்சா மலாய்த் தீபகற்பக் காட்டு மரத்தின் பாலிலிருந்து கிடைப்பது. நம் வன்னிப் பாலை மரமும் இலுப்பையும் அந்த மரத்தின் குடும்பத்தனவே.

ஒன்றரை வயதுக்குட்பட்ட நாயாயின் வழி வேறு. அதன் பல்லின் சுவர் இன்னும் தடித்திராது. மச்சை உயிரோடிருந்தாற்றான் அது தடிக்கும். ஆதலின் மச்சையின் மேற்பகுதியை மட்டும் நீக்கி மருந்திட்டு மூடுவர். முறிந்து 48 மணி நேரத்துள் கொண்டுசென்றால் அதனைக் காக்கும் வாய்ப்பு மிகுதி. எம்முறையாயினும், ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் மீண்டும் எக்ஸ்-கதிர்ப் படம் பிடித்து வேர்நுனியைப் பார்த்தல் வேண்டும். நோவு உண்டா இல்லையா என்பதை அந்த விலங்கினிடம் கேட்டறிய இயலாதன்றோ?