ஆவாரையும் திண்டுக்கல் தோலும்

மேனாட்டார் தம் தோட்டங்களில் ‘விட்ச் ஹேசல்’ என்னும் குறுமரத்தைப் பெரிதும் போற்றுகின்றனர். இலையெல்லாம் உதிர்ந்த குளிர்காலத்தில், வெறுங்கொம்பில் மஞ்சள் இழைகளாய்ப் பூப்பது அது. துவர்ப்பு மிக்க அதன் பட்டை மருந்துக்கும் உதவுகிறது. நம் வெயிலில் அது வாழாது. அதற்காக நாம் ஏங்க வேண்டுவதுமில்லை. மஞ்சட் பூவும் துவர்ப்புப் பட்டையும் கொண்ட செடியொன்று நம் கரட்டு நிலங்களிலே கேட்பாரற்றுக் கிடக்கின்றது. அதுவே ஆவாரை.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் மலர்களுள் ஆவிரையும் ஒன்று. பொங்கலுக்கு முன் பூளைப்பூ, வேப்பிலையோடு அதனையும் சேர்த்துக் காப்புக் கட்டும் வழக்கத்தை வாசகர் அறிவர். ஆனால் இச்செடி திண்டுக்கல்லுக்குச் சோறிட்ட வரலாற்றை இளையோர் பலர் அறியார்.

பச்சைத் தோல் விரைவில் அழுகும். பட்டையிலுள்ள துவர்ப்புப் பொருள் தோலின் புரதத்தோடு பிணைந்து அதனை அழுகாமல் காக்கிறது. ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறிக் கடுக்காயில் நிறைவு பெற்ற தோல், ‘ஈஸ்ட் இந்தியா’ என்ற பெயரோடு கப்பலேறிற்று. திருச்சியும் நம் திண்டுக்கல்லும் அதற்குப் பெயர்பெற்ற ஊர்கள். அத்தோலுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது.

பின்னர் தென்னாப்பிரிக்க வாட்டில் பட்டை வந்து ஆவாரையைத் தள்ளிற்று. பழனி மலையில் நட்ட வாட்டில் மரங்கள் இன்று அங்குள்ள புல்வெளிகளை விழுங்கிக்கொண்டிருப்பது தனிக்கதை. அடுத்து வந்தது குரோமியம். பட்டை வாரக்கணக்கில் செய்வதை அது ஓரிரு நாளில் முடித்துவிடும். வணிகர் அதனை நாடியதில் வியப்பில்லை. விலை கொடுத்தவரோ ஊரார். தொழிற்சாலைக் கழிவால் கிணறுகள் கெட்டன. குடிநீருக்குத் தாய்மார் குடத்தோடு அலைந்தனர். தோல் கழிவு பற்றி 1996-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் வேலூர்ப் பகுதியோடு திண்டுக்கல் மாவட்டமும் இடம்பெற்றது. பட்டைப் பதனீடும் மாசற்றதன்று. உப்பும் சுண்ணாம்பும் அதிலும் உண்டு. எனினும் அதில் குரோமியம் இல்லை. இத்தொழிலால் பிழைக்கும் குடும்பங்களை நாம் குறைகூறவில்லை. மலிவென்று எண்ணி ஏற்றதன் கணக்கு முழுவதும் தெரிய வேண்டுமென்றே இதை எழுதுகிறோம்.

ஆவாரை பூத்த ஊரில் சாவில்லை என்ற கருத்தில் ஒரு பழமொழி உண்டு. அதை நம்பிச் சர்க்கரை நோய்க்கு மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டு ஆவாரம்பூத் தேநீரை மட்டும் அருந்துவோர் உளர். இது பெருந்தவறு. பூ நல்லது, மாத்திரைக்கு அது ஈடாகாது.

வீட்டு வேலிக்கும் கல்லறைத் தோட்ட ஓரத்துக்கும் இதைவிட ஏற்ற பூச்செடி நம் சமவெளியில் அரிது. வேரூன்றிய பின் தண்ணீர் கேட்காது. ஆண்டின் பெரும்பகுதி பூக்கும். மகரந்தம் நாடி வண்டுகள் வரும். முற்றி உலர்ந்த நெற்றுகளைச் சேர்த்து வையுங்கள். விதைத்தோல் கடினமாதலால், சூடான நீரிலிட்டு ஓரிரவு ஊறவிட்டு, ஐப்பசி மழையை ஒட்டி ஊன்றுங்கள்.