பூனையின் தவம்

கொல்லிமலையில் அறப்பளீசுவரர் கோயில் விளங்கும் பகுதி வளப்பூர் நாடு. அம்மலையில் தெய்வம் வகுத்த பாவை ஒன்று உண்டெனச் சங்கப் புலவர் பாடினர். அது நகைத்து மயக்கிப் பகைவரைக் கொல்லும் என்பது பின்னாளில் வழங்கிய கதை. அப்பாவையின் நகைப்பைச் செவியால் கேட்டு அறிதல் மட்டுமே இன்று இயலும். ஆனால், காண்போரை நகைக்க வைக்கும் கற்சிற்பம் ஒன்றை மாமல்லபுரத்துத் தெருவோரத்திலேயே கண்ணாரக் காணலாம்.

மாமல்லபுரம் பல்லவர் காலத்துக் கடற்கரைப் பட்டினம். அங்கே, ஏறத்தாழ 100 அடி நீளமும் 40 அடி உயரமும் உடைய பாறைமுகம் ஒன்று 7ஆம் நூற்றாண்டுச் சிற்பிகளின் உளிக்கு இடமாயிற்று. அதற்கு மதிலும் இல்லை, கதவும் இல்லை. வேந்தனும் காணலாம், மீன்கூடை சுமந்து செல்பவளும் நின்று காணலாம்.

பாறையின் நடுவே பிளவு ஒன்று உண்டு. அதில் நாகர்கள் கைகூப்பி நிற்கின்றனர். பிளவின் அருகே ஒரு தவசி ஒற்றைக் காலில் நின்று, கைகளைத் தலைக்குமேல் உயர்த்தியிருக்கிறான். எதிரே சிவபெருமான் வரமளிக்கும் கோலத்தில் நிற்கிறார். தவசி அருச்சுனன் என்பர் சிலர். கங்கையைக் கொணர்ந்த பகீரதன் என்பர் வேறு சிலர். அவ்வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

பிளவின் மறுபுறம் பெரிய யானைகள் நிற்கின்றன. அவற்றின் காலடியில் குட்டிகள் ஒண்டியிருக்கின்றன. யானையின் வீறு கண்டு வியந்தே பலர் திரும்பிவிடுவர். அவ்யானைக்கு அருகிலேதான், தவசியைப் போலவே முன்கால்களை உயரத் தூக்கி, பின்கால்களில் நிமிர்ந்து ஒரு பூனை தவம் செய்கிறது! சுற்றிலும் எலிகள்!

இப்பூனையின் கதை மகாபாரதத்து உத்தியோக பருவத்தில் உள்ளது. கங்கைக் கரையில் பூனை ஒன்று கைதூக்கி நோன்பிருந்தது. எலிகள் நம்பி அடைக்கலம் புகுந்தன. நாளடைவில் எலிகள் குறைந்தன, பூனையோ கொழுத்தது. தருமனை இகழத் துரியோதனன் உலூகன் வாயிலாகச் சொல்லியனுப்பிய கதை இது. ‘உருத்திராட்சப் பூனை’ என்று மக்கள் வைதுரைப்பதும் இத்தகையாரையே.

புனித இடத்தில் பகை மறந்த விலங்குகளையே சிற்பி காட்டினான் என்று கொள்வாரும் உளர். அங்ஙனமாயின், தவசியின் நிலையையே பூனைக்கும் தந்தது ஏன்? மெய்த்தவத்தின் அருகிலேயே பொய்த்தவத்தையும் நிறுத்தினான் என்பதே பொருந்தும். கருங்கல்லில் ஓர் உருவம் ஒரு நொடியில் தோன்றிவிடாது. பல நாள் உளி நடக்க வேண்டும். பணியை மேற்பார்த்தவர் கண்ணுக்கு அப்பூனை தப்பியிராது. கண்டும் அதனை அழிக்கச் சொல்லவில்லை. அரசன் எடுப்பித்த பெரும்பணியில் எள்ளலுக்கும் இடம் இருந்தது.

இன்னும் சற்று நேரம் அங்கு நிற்பவர், பின்னங்கால் குளம்பால் மூக்கைச் சொறியும் மான் ஒன்றையும் காண்பர். தேவரும் முனிவரும் கூடிய அவையில் அதற்கு மூக்கு அரிப்பே பெரிதாயிற்று.