எடை போட்டவர் யார்?

கோவலன் கையிலே சிலம்பு. அதற்கு விலை மதிக்க வல்லவன் ஒருவனைத் தேடினான் மதுரை வீதியிலே. கிடைத்தவன் யார்? அரசியின் சிலம்பை ஏற்கெனவே திருடி வைத்திருந்தவன்! திருடியவனே மதிப்பிட்டான், திருடியவனே சாட்சி சொன்னான், மன்னன் தீர விசாரிக்கவில்லை. குற்றமற்றவன் வெட்டுண்டு வீழ்ந்தான். இளங்கோ சொன்ன கதை இது.

அந்த வஞ்சகம் அன்றோடு ஒழிந்ததா? இல்லை, தோழர்களே! இன்று அது அறிஞர் மன்றத்திலேயே நுழைந்திருக்கிறது.

விஞ்ஞானி ஒருவர், புதிதாய் ஒன்று கண்டேன் என்று எழுதி ஆராய்ச்சி ஏட்டுக்கு அனுப்புகிறார். ஆசிரியர் அதை உடனே அச்சேற்றி விடுவதில்லை. அதே துறை தெரிந்த இரண்டு மூன்று பேரிடம் கொடுக்கிறார். கணக்கு சரியா, சோதனை முறையா, முடிவுக்குச் சான்று உண்டா என்று அவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். சக அறிஞர் மதிப்பாய்வு என்பது இதுதான். பெரும்பாலும் கூலியில்லாத வேலை. செய்பவர் பெயரும் வெளியே வராது. நாணயம் ஒன்றே அதற்கு மூலதனம்!

அந்த நாணயம் நாறிய கதை ஒன்று தைவான் நாட்டிலே நடந்தது. அதிர்வுகளைப் பற்றிய ஆராய்ச்சி ஏடு ஒன்று. வெளியிடுவது சேஜ் என்னும் நிறுவனம். மதிப்பிடத் தகுந்தவர் யார் என்று கட்டுரையாளரே பெயர் சொல்லலாம் என்பது பல ஏடுகளில் உள்ள வழக்கம். அந்த வழியிலேதான் நுழைந்தது மோசடி. பேராசிரியர் ஒருவரை மையமாகக் கொண்ட கூட்டம். பொய்ப் பெயர்கள், கடன் வாங்கிய பெயர்கள், அவற்றுக்கு மின்னஞ்சல் முகவரிகள் — 130 வரை! முகமூடி ஒன்றை மாட்டிக்கொண்டு, தன் கட்டுரைக்குத் தானே நற்சான்று வழங்கியதும் நடந்தது. பரீட்சை எழுதியவனே தாளைத் திருத்தி மதிப்பெண் போட்டுக்கொண்டான்!

14 மாத விசாரணைக்குப் பின், 2014 ஜூலையில் 60 கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அவற்றில் சிலவற்றிலே கல்வி அமைச்சர் சியாங் வெய்-லிங்கின் பெயரும் இருந்தது. தவறேதும் செய்யவில்லை என்றார் அவர். ஆயினும் பதவியை விட்டு விலகினார்.

நமக்கென்ன இதிலே என்கிறீர்களா? நீங்கள் விழுங்கும் மாத்திரைக்கும், நீங்கள் பக்கத்திலே நின்று உழைக்கும் இயந்திரத்துக்கும் அடியிலே இருப்பது ஆராய்ச்சி. அங்கே பொய் புகுந்தால் இங்கே உயிர் போகும்!

முகமூடி போட்டவன் மட்டுமா ஆபத்து? போனஸ் தகராறு பஞ்சாயத்துக்கு வருகிறது. நடுவர் நாற்காலியிலே முதலாளியின் மைத்துனர். ஒப்புவோமா? அவர் உத்தமராகவே இருக்கட்டும். அந்த நாற்காலி அவருக்கு உரியதல்ல! ஆராய்ச்சியிலும் அப்படித்தான். நண்பன் கட்டுரை என்றால் குறை கண்ணில் படாது. போட்டியாளன் கட்டுரை என்றால், தன்னுடையது முந்தட்டும் என்று கிடப்பிலே போடத் தோன்றும். மருந்துக் கம்பெனியிடம் பணம் பெறுபவருக்கு அந்த மருந்தின் பழுது தெரியாமலே போகலாம். ஆகவேதான் சொல்கிறோம்: உறவு இருந்தால் முன்கூட்டியே சொல்! ஆதாயம் இருந்தால் ஒதுங்கி நில்! அறிஞனுக்கு அது அவமானமல்ல, அணிகலன்.

விஞ்ஞானமே புரட்டு என்று கிளம்பிவிடாதீர்கள். மோசடியைத் துருவியதும், ஊரறியச் சொன்னதும் அதை வெளியிட்ட நிறுவனமேதான். கள்ள எடைக்கு அஞ்சித் தராசையே உடைப்பவன் அறிவாளியல்ல.

ஆராய்ச்சி சொல்கிறது என்று யாராவது அடுத்த முறை வந்தால், தலையாட்டுமுன் கேளுங்கள்: எடை போட்டவர் யார்? அவருக்கு இதிலே என்ன லாபம்? மதுரை மன்னன் கேட்கத் தவறிய கேள்வி அது. நாம் தவறலாமா?