விருந்தினர் கணக்கு

கணினியின் முறைவழியாக்கி எத்தனை கட்டளைகளை நிறைவேற்றியது, பதுக்கு நினைவகத்தில் வேண்டியது காணாது எத்தனை முறை தடைப்பட்டது என்பனவற்றை அதனுள் அமைந்த எண்ணிகள் கணக்கிடும். அக்கணக்கு யாருடையது என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

2007ஆம் ஆண்டில் லினக்ஸ் கேர்னலில் கே.வி.எம். சேர்க்கப்பட்டது. அதனால் கேர்னல் தன் பணியோடு, மெய்நிகர்க் கணினிகளாகிய விருந்தினரை ஓம்பும் ஹைப்பர்வைசராகவும் தொழிற்படலாயிற்று.

ஆர்ம் முறைவழியாக்கியில் பயனர் நிரல் 0ஆம் நிலையிலும், கேர்னல் 1ஆம் நிலையிலும், ஹைப்பர்வைசர் 2ஆம் நிலையிலும் இயங்கும். குறித்த நிலையில் மட்டும் எண்ணுமாறு எண்ணியைப் பணிக்கலாம். ஆயினும், முன்னைய அமைப்பில் ஓம்புநர் கேர்னலும் விருந்தினர் கேர்னலும் 1ஆம் நிலையிலேயே நின்றமையால், நிலைகொண்டு அவற்றைப் பிரித்தறிதல் இயலாதாயிற்று. ஆர்ம் 8.1 பதிப்பில் வந்த நீட்சி, ஓம்புநர் கேர்னல் 2ஆம் நிலையில் இயங்க வழிசெய்தது. கேர்னல்கள் பிரிந்தன, இருசாராரின் பயனர் நிரல்களோ 0ஆம் நிலையிற் கலந்தே நிற்கின்றன. ஆதலின், விருந்தினர் புகும்போதும் நீங்கும்போதும் கேர்னலே 0ஆம் நிலையின் எண்ணுகையை மாற்றியமைக்கின்றது.

அங்ஙனஞ் செய்யாவிடின் ஒருவர் வேலை மற்றொருவர் கணக்கில் ஏறும். தாமதத்துக்குக் காரணந் தேடுவோர் குற்றமற்ற நிரலைத் திருத்த முற்படுவர். எண் சரியாயிருந்தும் முடிபு பிழைக்கும் என்பதை மாணவர் மறவாதிருத்தல் வேண்டும்.