ஈஸ்வரியம்மா குரலின் பின்வாசலில்

உள்ளே விட்டுவிட்டார்கள்! ஆடி வெள்ளி, மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பம், அம்மன் கோவில் கச்சேரி. உட்கார இடம் தேடிக்கொண்டிருந்த என்னை, ஒயர் சுருளைத் தோளில் மாட்டியிருந்த ஒரு தம்பி, "பின்னாடி வாங்கக்கா, அங்கதான் வேடிக்கையே" என்று கூப்பிட்டான். நீங்களும் கூடவே வாருங்கள். காலை மட்டும் பார்த்து வையுங்கள், தரையெல்லாம் ஒயர்.

ஒப்பனை அறையாக மாறியிருப்பது வலை பின்னும் கூடம். ஒரு மூலையில் நைலான் வலைக் குவியல், இன்னொரு மூலையில் சாக்கு போர்த்திய படகு எஞ்சின். நடுவில் கீபோர்டு பெட்டி, திறந்து கிடக்கும் பவுடர் டப்பா, தக்காளி சாதப் பொட்டலங்கள். ஆணியில் ஒரு மாம்பழ நிறப் பட்டுப்புடவை தொங்குகிறது. மல்லிகையும் கருவாடும் கலந்த வாசனை. நம்புங்கள், நன்றாகவே இருக்கிறது! செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக வேனில் வந்து இறங்கிய ஆர்கெஸ்ட்ரா இது. இன்றைக்கு முழுக்க எல்.ஆர்.ஈஸ்வரி பாட்டுதான். ஊர்ப் பெரியவர்கள் போட்ட ஒரே கண்டிஷனாம்.

பாடப்போகும் அக்கா தலைக்குப் பூ வைத்தபடியே பிளாஸ்கைத் திறக்கிறார். வெந்நீர், மிளகு, பனங்கற்கண்டு. அவர் மடியில் பள்ளிக்கூட நோட்டு ஒன்று, கடற்காற்றின் ஈரத்தில் ஊதிப்போய் இருக்கிறது. எட்டிப் பார்த்தேன். வரிகளுக்கு நடுவே சிவப்பு மையில் குட்டிக் குட்டி அம்புகள்.

"இது என்னக்கா?"

"எங்க மூச்சு வாங்கணும்னு குறிச்சிருக்கேன். ஈஸ்வரியம்மா பாட்டுல மூச்சுக்கும் மெட்டு இருக்கு. அத விட்டுட்டுப் பாடினா பாட்டு செத்துடும்."

நோட்டின் முதல் பக்கம் 'பாசமலர்' கல்யாணப் பாட்டு. 1961இல் விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையில் வந்த அந்தப் பாட்டுதான் ஈஸ்வரியை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. அதற்கு முந்தைய வருடங்கள் இந்த நோட்டில் இல்லை. ஈஸ்வரியின் இயற்பெயர் லூர்து மேரி ராஜேஸ்வரி. அவர் அம்மா நிர்மலா, கோரஸ் பாடிப் பிழைத்தவர். அம்மாவோடு ஒலிப்பதிவுக்குப் போய்ப் போய் மகளும் கோரஸில் நின்றார். 'மனோகரா' வந்தது 1954இல். அதன் கோரஸில் அவர் குரலும் இருக்கிறது. 1958இல் 'நல்ல இடத்து சம்பந்தம்' படத்தில் கே.வி.மகாதேவன் தனியாகப் பாட வைத்தார். ஏற்கனவே எம்.எஸ்.ராஜேஸ்வரி என்று ஒரு புகழ்பெற்ற பாடகி இருந்ததால் இவர் எல்.ஆர்.ஈஸ்வரி ஆனார். கூட்டத்தில் ஒரு குரலாக நின்றவர்தான் பின்னாளில் கூட்டத்தையே ஆட வைத்தார் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது.

மைக் செக்! எலெக்ட்ரானிக் ரிதம் பேட் வாசிக்கும் தம்பிக்கு இன்று பெரிய பரீட்சை. 'சிவந்த மண்' படத்தில் காஞ்சனா சாட்டையடி பட்டுக்கொண்டே ஆடும் பாட்டு, 1969, எம்.எஸ்.விஸ்வநாதன் இசை. சாட்டைச் சத்தம் தாளத்தில் விழ வேண்டும். விழுந்த கையோடு பாடகி வலியில் துடிக்க வேண்டும். தம்பி ஓங்கி ஒரு தட்டு தட்டினான். ஸ்பீக்கரில் கைக்குழந்தை அழுதது! ஏதோ சீமந்தக் கச்சேரியில் வைத்த சத்தத்தை மாற்ற மறந்திருக்கிறான். டோலக்குக்காரர் சிரித்த சிரிப்பில் அவர் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது. மேடைக்கு முன்னால் இருந்த பாட்டிமார்கள், "யார் புள்ளைய்யா அது, தூக்குங்க" என்று திரும்பித் திரும்பித் தேடினார்கள்.

இந்தத் தம்பிக்கு ஈஸ்வரியைத் தெரிந்தது 'மூக்குத்தி அம்மன்' ஆடிப் பாட்டில். 2020இல் வந்தது, அவருக்கு அப்போது 80 வயது. கிட்டார்காரருக்கு 2011இல் வந்த 'ஒஸ்தி'. கீபோர்டு மாஸ்டரோ, "போங்கடா, 'பணமா பாசமா' இலந்தப்பழத்த தியேட்டர்ல கேட்டவன்டா நான்" என்கிறார். 1968 படம் அது. ஒரே கூடத்தில் மூன்று தலைமுறை, மூன்றுக்கும் இவரே சொந்தக்காரி!

எட்டு மணி. அக்கா பட்டுக்கு மாறிவிட்டார். கழுத்தில் பூசிய பவுடர் அதற்குள் கோடு கோடாக வழிகிறது. கடலோரம் என்றால் காற்று குளுகுளுவென்று வரும் என்று நினைப்போம்; மேடை விளக்குகளுக்குப் பின்னால் வந்து நின்று பாருங்கள், தெரியும். ஒருத்தர் அட்டையால் விசிறுகிறார், இன்னொருத்தர் மைக் பிளக்கைத் துணியால் அழுத்தித் துடைக்கிறார். உப்புக்காற்றில் பிளக் பூத்துப்போனால் பாதிப் பாட்டில் குரல் நின்றுவிடுமாம்.

பிள்ளையார் பாட்டு முடிந்து, சினிமா முடிந்து, சாட்டைப் பாட்டும் முடிந்தது. சாட்டை சரியாக விழுந்தது! அக்கா மேடைக்குப் பின்னால் ஓடிவந்து ஒரு மடக்கு குடித்தார். "அடுத்தது அம்மன். இதே மூச்சுதான், பாருங்க" என்று என் காதோரம் பாடிக் காட்டினார். சாட்டைக்குத் துடித்த அதே இழுப்பு, அதே உடைப்பு. இப்போது அது ஆத்தாளைக் கூப்பிடுகிறது.

அந்த நொடியில் எனக்கு அரீதா ஃப்ராங்க்ளின் ஞாபகம் வந்தார். அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசைக்கு ராணி. டெட்ராய்ட்டில் அப்பா போதகராக இருந்த தேவாலயத்தில் பாடி வளர்ந்து, அந்த உருக்கத்தைக் காதல் பாட்டுக்கும் ஆட்டப் பாட்டுக்கும் எடுத்துப்போனவர். நம் ஈஸ்வரி நடந்தது எதிர்த்திசையில். கிளப் டான்ஸ் பாட்டில் பழுத்த குரலைக் கோவில் வாசலுக்குக் கொண்டுவந்தார், அதுவும் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். கவர்ச்சிப் பாட்டு வேறு, பக்திப் பாட்டு வேறு என்று பிரித்துப் பேசுகிறவர்கள் இவர் குரலைச் சரியாகக் கேட்கவில்லை என்பேன்.

கற்பூர நாயகி பாட்டு தொடங்கியது. உடுக்கை ஏறியதும் முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தார், கூந்தல் அவிழ்ந்தது. மேடையில் யாரும் பதறவில்லை. மாஸ்டர் கண்ணைக் காட்ட, டோலக் அதே வேகத்தில் சுற்றிச் சுற்றி வந்தது. சாமி வந்தவர் ஆடும்போது தாளத்தைப் படக்கென்று நிறுத்தக் கூடாது. பூசாரி விபூதி பூசி முடிக்கும்வரை வாசித்தே ஆக வேண்டும். பேட் தம்பியின் மூக்கு நுனியில் வியர்வை சொட்டுகிறது, துடைக்கக் கை இல்லை. கிட்டார்காரர் எட்டித் தன் தோள் துண்டால் துடைத்துவிட்டு வாசிப்பைத் தொடர்ந்தார். அக்கா நோட்டைப் பார்க்கவே இல்லை. சிவப்பு அம்புகள் அத்தனையும் நெஞ்சுக்குள் இருக்கின்றன போலும்.

இந்த ஆடியில் உங்கள் பக்கத்துக் கோவிலிலும் இந்தப் பாட்டுகள் ஒலிக்கும். ஒலிப்பதிவில் கேட்டுவிட்டுக் கடந்து போகாதீர்கள். மனிதர்கள் வாசித்துப் பாடும் கச்சேரியாகத் தேடிப் போங்கள். கூழ் குடித்த கையோடு ஸ்பீக்கருக்குப் பின்பக்கம் ஒரு நடை போய், பாடுகிற பெண்ணுக்கு ஒரு டம்ளர் வெந்நீர் கொடுத்து, அவர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வாருங்கள்.