பஸ் வராத ஊருக்கு எது இலவசம்?

மாலை மயங்கும் நேரத்தில் திட்டக்குடி பஸ் நிலையத்திலே நிற்கும் கூட்டத்தை உங்களில் பலர் அறிவீர்கள். மக்காச்சோளம் விற்றுவிட்டு வந்த உழவன் அங்கே இருப்பான். விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையிலே பகலெல்லாம் அகல் விளக்கு வார்த்துவிட்டு, களிமண் காயாத விரல்களோடு வந்த பெண் இருப்பாள். புத்தகப் பையோடு கல்லூரி மாணவி இருப்பாள். ஆஸ்பத்திரிச் சீட்டை மடியிலே முடிந்துகொண்ட கிழவர் இருப்பார். அத்தனை பேர் கண்ணும் ஒரே திசையை நோக்கியிருக்கும். எதற்காக? ஊருக்குப் போகும் கடைசி பஸ்ஸுக்காக!

அந்த பஸ் வந்துவிட்டால் அவர்கள் இந்த நாட்டின் குடிமக்கள். வராவிட்டால்? ஆட்டோவின் வாசலிலே பேரம் பேசி நிற்கும் அனாதைகள்!

ஏழையின் முன்னே பஸ்ஸுக்கு மூன்று கதவுகள் இருந்தன. முதற்கதவு சாதி. இரண்டாம் கதவு காசு. மூன்றாம் கதவு நேரம். முதல் இரண்டையும் உடைக்க நம் முன்னோரும் நாமும் பட்டபாடு கொஞ்சமல்ல. மூன்றாம் கதவோ இன்னும் பாதிதான் திறந்திருக்கிறது. அதைப் பற்றிப் பேசத்தான் இன்று எழுதுகிறோம்.

முதற்கதவின் வரலாறு இளைய தோழர்களுக்குத் தெரிய வேண்டும். இந்நாட்டிலே பஸ் ஓடத் தொடங்கிய காலத்தில், தாழ்த்தப்பட்டவன் காசை நீட்டினாலும் அவனை ஏற்ற மறுத்த பஸ் முதலாளிகள் இருந்தார்கள். ரோடு போடக் கல் உடைத்தவன் அவன். அந்த ரோட்டிலே ஓடும் வண்டியில் அவனுக்கு இடமில்லை! 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுக்கும் பஸ்ஸுக்கு லைசென்ஸ் கிடையாது என்று உறுதியாக நின்றார். ஏற்ற மாட்டோம் என்றவர்கள், லைசென்ஸ் போய்விடும் என்றதும் ஏற்றினார்கள். உபதேசம் செய்யாததை உத்தரவு செய்தது!

கடல் கடந்த நாட்டிலும் இதே கதைதான். 1955 டிசம்பர் 1ஆம் நாள் அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரத்திலே ரோசா பார்க்ஸ் என்ற தையல்காரப் பெண், வெள்ளையனுக்காக பஸ் இருக்கையை விட்டு எழ மறுத்தார். அவரைக் கைது செய்தார்கள். அந்நகரத்துக் கறுப்பின மக்கள் 381 நாள் பஸ்ஸில் ஏறாமல் நடந்தே வேலைக்குப் போனார்கள், வென்றார்கள். சிறுமைப்படுத்தப்பட்டவன் தன்மானத்தை முதலில் நிலைநாட்டிய இடங்களுள் பஸ் இருக்கையும் ஒன்று என்பதை உலகம் கண்டது.

இரண்டாம் கதவு காசு. பஸ் தொழில் தனியார் கையிலே மட்டும் இருந்தவரை, லாபம் உள்ள ரோட்டிலே வண்டிமேல் வண்டி ஓடும். லாபம் இல்லாத ஊருக்குக் கால்தான் வண்டி! முதலாளியைக் குறை சொல்லிப் பயனில்லை. அவன் கணக்கு வரவுக்கும் செலவுக்கும் இடையே நிற்பது. மக்களின் கணக்கோ அதைவிடப் பெரியது. அதனால்தான் பஸ் பொதுவுடைமையாக வேண்டும் என்ற குரல் எழுந்தது. பெரிய பஸ் முதலாளிகளின் வண்டிகளை அரசு எடுத்துக்கொள்ள 1971இல் சட்டம் வந்தது. 1972இல் சென்னையில் பல்லவன், மதுரையில் பாண்டியன், கோவையில் சேரன், குடந்தையில் சோழன் என்று போக்குவரத்துக் கழகங்கள் எழுந்தன. நம் தென்னார்க்காட்டு மக்களுக்காக 1975இல் விழுப்புரத்திலே தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் தோன்றியது. 1997இல் தலைவர்கள் பெயர்கள் நீக்கப்பட்டு, பெரும்பாலானவை தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற பெயருக்குள் வந்தன. இன்று ஏறத்தாழ 20,000 அரசு பஸ்கள் இந்த மாநிலத்திலே உள்ளன.

அதன்பின் 2021 மே 7. முதலமைச்சராகப் பொறுப்பேற்ற அன்றே மு.க.ஸ்டாலின் கையெழுத்திட்ட ஆணைகளில் ஒன்று, சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம் என்பது. மறுநாளே அது நடைமுறைக்கு வந்தது. திருநங்கையருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அந்த உரிமை பின்னர் விரிந்தது. இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் 888 ரூபாய் வரை மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொல்லிற்று. 2025–26 வரவுசெலவுத் திட்டத்தில் இதற்கென ஒதுக்கப்பட்ட தொகை 3,600 கோடி ரூபாய்.

இதை “ஓசி” என்று பழிக்கும் நாக்குகள் உண்டு. அவர்களைக் கேட்கிறோம்: தீப்பெட்டி வாங்கும்போது வரி கட்டுபவள் யார்? சோப்பு வாங்கும்போது வரி கட்டுபவள் யார்? அந்தப் பெண்தானே! அவள் கட்டிய வரியிலிருந்து அவளுக்கு ஒரு பயணம் கிடைத்தால் அது ஓசியா? பல லட்சம் ரூபாய்க் காரில் போகிறவனுக்கு அரசு பாலம் கட்டித் தருகிறதே, அதற்கு மட்டும் “வளர்ச்சி” என்று பெயரா?

ஆக, இரண்டாம் கதவும் திறந்தது. இனி வருகிறோம் மூன்றாம் கதவுக்கு.

இலவசம் எந்த பஸ்ஸில்? டவுன் பஸ்ஸில். டவுன் பஸ் வராத ஊரில்? அங்கே இலவசமும் வராது. இதுதான் திட்டக்குடி, மங்களூர், வேப்பூர் பக்கத்து மானாவாரிக் கிராமங்களில் நாம் சிந்திக்க வேண்டிய செய்தி. சென்னையில் ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் வரும். இங்கே காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை என்றிருக்கும் ஊருக்கு, ஒரு நடை போனால் ஒரு நாளே போயிற்று!

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 888 ரூபாய் மிச்சம் பிடிக்கும் பெண் ஒருத்தி. அந்த மாதத்திலே ஐந்து நாள் மாலை நடை வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஆட்டோவுக்கு நாளுக்கு 150 ரூபாய் வீதம் 750 ரூபாய். கையிலே நிற்பது 138 ரூபாய்! காலை நடை தவறினால் கூலியே போய்விடும். பட்டறைக் கணக்குப்பிள்ளை பஸ் வரவில்லை என்ற காரணத்தைப் பதிவேட்டில் எழுதிக்கொள்ள மாட்டார். அரசு ஒரு கையால் கொடுத்ததை, வராத பஸ் மறு கையால் பிடுங்கிக்கொள்கிறது.

பணம் மட்டுமா போகிறது? விருத்தாசலத்திலே கொளஞ்சியப்பர் பெயரால் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிலையமும் இருக்கிறது. திட்டக்குடியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். கடைசி பஸ் நிச்சயமில்லை என்றால், “பொம்பளைப் பிள்ளை படித்தது போதும்” என்று வீட்டிலே ஒரு குரல் எழும். அந்தக் குரலுக்கு வாய்ப்பூட்டுப் போடுவது நம் மேடைப் பேச்சல்ல. நேரத்துக்கு வந்து நிற்கும் பஸ்தான்!

“மினி பஸ் வந்திருக்கிறதே” என்பார்கள். வரவேற்கிறோம். 1997இல் தொடங்கிய மினி பஸ் திட்டம், 2025 ஜூனில் புதிய வடிவில் மீண்டும் தொடங்கப்பட்டது. பஸ் எட்டாத சிற்றூர்களுக்கு அது நன்மையே. ஆனால் அது தனியார் வண்டி. அதில் பெண்ணுக்கும் கட்டணம் உண்டு. ஆக, பெரிய ரோட்டின்மேல் இருக்கும் ஊர்ப்பெண்ணுக்கு இலவசம். உள்ளே தள்ளி இருக்கும் ஊர்ப்பெண்ணுக்குச் சீட்டு! எந்த ஊருக்குத் தேவை அதிகமோ அந்த ஊருக்குச் சலுகை குறைவு. இது நியாயமா?

வழி இல்லாமல் இல்லை. நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை போன்ற மலைப் பகுதிகளுக்கு மகளிர் கட்டணமில்லாப் பயணத்தை 2024இல் அரசு நீட்டித்தது. மலைக்கு ஒரு வழி கண்டவர்களால் மானாவாரித் தரைக்கு ஒரு வழி காண முடியாதா? கர்நாடகத்தில் 2023 ஜூனில் தொடங்கிய திட்டம் நகர எல்லையோடு நிற்கவில்லை; ஊர்விட்டு ஊர் போகும் சாதாரண பஸ்ஸுக்கும் பொருந்துமாறு அமைந்தது. தெலங்கானாவில் அதே ஆண்டு டிசம்பரில் வந்த திட்டம் எக்ஸ்பிரஸ் பஸ்ஸையும் சேர்த்துக்கொண்டது. வழிகாட்டிய மாநிலம் பின்தங்கலாமா?

இங்கே ஒரு எச்சரிக்கை, தோழர்களே! பஸ் வராதபோது நம் கோபம் யார்மீது பாய்கிறது? முன்னால் நிற்கும் கண்டக்டர்மீது, டிரைவர்மீது. அவர்களும் நம்மைப் போன்ற உழைப்பாளிகள்தானே! ஆள் பற்றாக்குறையால் ஒருவரே அடுத்தடுத்த டூட்டி பார்க்கிறார். ஓய்வு பெற்றவர் தமக்கு வர வேண்டிய பணத்துக்காகக் காத்துக் கிடக்கிறார். 2018 ஜனவரியிலும் 2024 ஜனவரியிலும் போக்குவரத்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்களே, கேட்டது என்ன? நியாயமான ஊதியம், ஓய்வூதியர் பாக்கி, காலி இடங்களை நிரப்புவது. 2025 மார்ச்சில் 3,274 டிரைவர்-கண்டக்டர் பணியிடங்களுக்கு விளம்பரம் வந்தது. விளம்பரம் வேலையாக வேண்டும். வேலை நடையாக வேண்டும். டிப்போவிலே டிரைவர் இல்லையென்றால் சென்னைக்குப் போகும் பஸ்ஸை நிறுத்த மனம் வராது. எளிதில் வெட்டுப்படுவது கேட்பாரற்ற கிராமத்து நடைதான். எனவே தொழிலாளியின் கோரிக்கையும் பயணியின் கோரிக்கையும் வேறு வேறல்ல. ஒரே பஸ்ஸின் இரண்டு சக்கரங்கள்!

ஆனால் அந்தத் தொழிலாளத் தோழருக்கும் ஒரு சொல். சீட்டுக்குக் காசு தராத பெண் என்று ஸ்டாப்பிங்கில் நிற்காமல் போவது, காலனி வாசலிலே நிற்காமல் ஊர் நடுவிலே நிற்பது, இவை எங்கே நடந்தாலும் தவறு. அன்று முதலாளி மூடிய கதவை இன்று பாட்டாளியின் கை மூடலாமா?

நாம் கேட்பவை நான்கு. ஒவ்வொரு பஸ் நிலையத்திலும், ஒவ்வொரு ஊர் நிறுத்தத்திலும் நடை நேரங்களை எழுதி வைக்க வேண்டும். காலை முதல் நடையையும் இரவு கடைசி நடையையும் எந்தக் காரணத்துக்காகவும் வெட்டக் கூடாது. டவுன் பஸ் எட்டாத ஊர்களில், அங்கே போகும் சாதாரண பஸ்ஸிலும் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வேண்டும். காலி இடங்களை நிரந்தரப் பணியாளர்களைக் கொண்டு நிரப்ப வேண்டும்.

கேட்டால் மட்டும் போதுமா? கணக்கோடு கேட்க வேண்டும். கிளைத் தோழர்கள் ஒரு நோட்டு வாங்குங்கள். ஒரு மாதம், உங்கள் ஊருக்கு எந்த நடை எத்தனை மணிக்கு வந்தது, எது வரவில்லை, எது நிற்காமல் போயிற்று என்று நாள்தோறும் குறித்து வையுங்கள். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. உங்கள் ஊருக்கு விதிக்கப்பட்ட நடைகள் எத்தனை, அந்த மாதம் ஓடியவை எத்தனை என்று எழுதிக் கேளுங்கள். இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பிறகு மே தினத்தன்று கூடும் கிராமசபையிலே எழுந்து நின்று தீர்மானமாக்குங்கள். கட்சிக்காரன் கூச்சல் என்று தள்ளிவிடலாம். ஊர் போட்ட கணக்கை எவராலும் தள்ள முடியாது!

“உனக்கு இடமில்லை” என்றார்கள், வென்றோம். “உன்னிடம் காசில்லை” என்றார்கள்; அதையும் வென்றோம். இன்று யாரும் வாய்திறந்து ஒன்றும் சொல்வதில்லை. பஸ் மட்டும் வருவதில்லை. அந்த மௌனத்தையும் வெல்வோம். நோட்டை எடுங்கள், தோழர்களே. முதல் பக்கத்திலே நாளைக் காலை நடையின் நேரத்தைக் குறியுங்கள்!